வெண்ணிலா, மனிதவளப் பிரிவு

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு அனுப்பும் மெயிலைத்தான் ஜனங்கள் பொறுமையாகப் படிக்கிறார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியவர்கள் அந்த நேரத்தில் சானடோரியத்தையோ குரோம்பேட்டையையோ தாண்டிக்கொண்டிருப்பார்கள். உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கையில் போன் இருக்கும். திங்கட்கிழமை அனுப்பினால் வீண். வெள்ளிக்கிழமை அனுப்பினால் அதைவிட வீண். நான்கு வருடம் ஒரே வேலையைச் செய்தால் இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் பிடிபட்டுவிடும்.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். இரண்டு பக்கம் போதும் என்றீர்கள். கொஞ்சம் கூடும், மன்னிக்கவும். சுருக்கி எழுதினால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். செல்வமேரி அம்மாள் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

என் பெயர் சுகுமார். வயது முப்பத்தொன்பது. சேலையூரில் குடியிருக்கிறேன். குரோம்பேட்டை ராதா நகரில் ஒரு மிக்சி ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தருகிற கன்சல்டன்சி. முதலாளி ஷ்யாம்சுந்தர் சாரையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். ஆளைத் தேடுவது மற்றவர்கள் பொறுப்பு. தேடிய ஆளுக்கு நாங்கள் போடுகிற மெயில் அவர் கண்ணில் படும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இதற்கு ஒரு ஆளா என்று வெளியில் சிரிப்பார்கள். நாங்கள் அனுப்பிய நூறு மெயிலில் அறுபது ஸ்பாமில் போய் விழுந்துகொண்டிருந்தது என்றால் சிரிக்க மாட்டார்கள்.

ஸ்பாம் என்பது குப்பைத்தொட்டி. லாட்டரி விழுந்தது, லோன் ரெடி என்று வருகிற மெயில்களை மெயில் கம்பெனிகளே ஒதுக்கிப் போடுகிற இடம். எங்கள் இன்டர்வியூ கடிதங்களையும் அவர்கள் அதில்தான் போட்டார்கள். போன வருடம் ஜனவரியில் சத்யபிரியா என்று ஒரு பெண். லேப் டெக்னீஷியன் படித்தவள். நல்ல ஆஸ்பத்திரி ஒன்றில் இன்டர்வியூ ஏற்பாடு செய்து கடிதம் அனுப்பியிருந்தோம். அது ஸ்பாமில் கிடந்து, தேதி முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் அவள் பார்த்தாள். நேரே ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

"டெய்லி பாத்தேண்ணா. தினம் இருபது தடவ ரெஃப்ரெஷ் பண்ணிப் பண்ணிப் பாத்தேன். அங்க போய் இருக்கும்னு எனக்குத் தெரியாதுண்ணா" என்றாள்.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் போனாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கொரோனா சமயத்தில் நானும் பதினோரு மாதம் வேலை இல்லாமல் இருந்திருக்கிறேன். காலையில் கண் விழித்ததும் மெயிலைத் திறந்து பார்ப்பது, ஒன்றும் இல்லை என்றானதும் நெட் சரியில்லையோ என்று போனை அணைத்துப் போடுவது, எல்லாம் தெரியும். யாராவது ஒருவர் என் பெயரைப் போட்டு இரண்டு வரி எழுதினால் போதும் என்று இருந்த காலம் அது. அந்தப் பசி எனக்குத் தெரியும் என்பதால்தான் பிற்பாடு நான் எழுதிய மெயில்கள் அவ்வளவு நன்றாக அமைந்தன என்று நினைக்கிறேன்.

மார்ச் மாதம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுகு, இருபது பேருக்கு இன்டர்வியூ லெட்டர் போட்டா மூணு பேர் வர்றான். கிளையண்ட் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறான். இப்படியே போச்சுன்னா ஜூன்ல ஷட்டர இறக்கிட வேண்டியதுதான். ஒம்போது குடும்பம்பா" என்றார். அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. அன்று கண் கலங்கியிருந்தார்.

நேர்மையான வழிகளைத்தான் முதலில் பார்த்தேன். மெயில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று நிரூபிக்கும் பதிவுகளைச் சரிசெய்தேன். ஒரே நாளில் இரண்டாயிரம் அனுப்புவதை நிறுத்தி ஐம்பது ஐம்பதாக அனுப்பினேன். 'உடனே விண்ணப்பியுங்கள்' போன்ற சொற்களை எடுத்தேன். மெயிலின் கீழே ஆபீஸ் விலாசத்தைக் கதவு எண்ணோடு போட்டேன். ஸ்பாமில் விழுந்த அறுபது, நாற்பத்தைந்தாகக் குறைந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

மெயில் கம்பெனிகள் ஒவ்வொரு விலாசத்துக்கும் மனதுக்குள் ஒரு மதிப்பு வைத்திருக்கின்றன. நம் மெயிலை ஒருவர் திறந்து படித்தால் மதிப்பு கொஞ்சம் ஏறும். பதில் எழுதினால் நன்றாக ஏறும். ஸ்பாமில் கிடப்பதை ஒருவர் தேடி எடுத்து, 'இது ஸ்பாம் இல்லை' என்று அழுத்தினால் எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறும். இதற்காகவே சாஃப்ட்வேர் விற்கிறார்கள். இயந்திரமும் இயந்திரமும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொள்ளும். அதையும் போட்டுப் பார்த்தேன். பதினைந்தே நாளில் மாட்டிக்கொண்டோம். மனிதர்கள் பதில் எழுத வேண்டும், வேறு வழி இல்லை என்று அப்போது தெரிந்தது.

வேலையில் இருக்கிறவர் பதில் போட மூன்று நாள் எடுத்துக்கொள்வார். வேலை இல்லாதவர் மூன்று நிமிடம். எங்களிடம் நாற்பதாயிரம் பேருடைய விண்ணப்பங்கள் இருந்தன. அதில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள், ஆறு மாதத்துக்கு மேல் வேலை இல்லாதவர்கள், எங்களுக்கே ஐந்து தடவைக்கு மேல் எழுதியவர்கள் என்று சலித்து எடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வெண்ணிலா என்ற பெயரை அன்று மாலைதான் வைத்தேன். வெண்ணிலா, மனிதவளப் பிரிவு. மரியாதையான, கொஞ்சம் கூச்சமான பெண் என்று மனதில் உருவகப்படுத்திக்கொண்டேன். தமிழில் எழுதினேன். தமிழில் எழுதியதால் எந்தக் கம்ப்யூட்டரும் சந்தேகப்படவில்லை, எந்த மனிதரும் சந்தேகப்படவில்லை.

வண்டலூர் தாண்டி ஒரு பெரிய கிடங்கு வரப்போகிறது, அதற்கு ஸ்டோர் சூப்பர்வைசர்கள் தேவை, உங்கள் பெயர் முதல் சுற்றில் தேர்வாகியிருக்கிறது, விருப்பம் உண்டா என்று ஒரு வரி எழுதுங்கள் என்பதுதான் முதல் மெயில். கிடங்கு கிடையாது. அந்த வேலையும் கிடையாது. ஆனால் இரண்டு விஷயத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. யாரையும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை எழுதியதில்லை. வாரம் ஒரு மெயில் போனது. சட்டை அளவு கேட்டேன், எந்த ஷிஃப்ட் வசதி என்று கேட்டேன், பழைய வேலையில் நீங்கள் பெருமைப்படும் ஒரு நாளைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னேன். பதில் நீளமாக இருந்தால் நல்லது. சிலர் இரண்டு பக்கம் எழுதினார்கள்.

ஆறு வாரத்தில் எங்கள் மெயில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று நேராக இன்பாக்ஸுக்குப் போனது. உண்மையான வேலைகளுக்கு உண்மையான ஆட்கள் இன்டர்வியூவுக்கு வந்தார்கள். அதற்கடுத்த மூன்று மாதத்தில் மட்டும் நூற்றுப் பதினெட்டு பேர் வேலையில் சேர்ந்தார்கள். சத்யபிரியா அதில் ஒருத்தி. மேடவாக்கத்தில் ஒரு லேபில் இருக்கிறாள். இனிப்புப் பெட்டியோடு வந்து எனக்கு நன்றி சொன்னாள். அந்த நூற்றுப் பதினெட்டு பேரை யாரும் இங்கே கூப்பிட்டு விசாரிக்கப்போவதில்லை, எனக்குத் தெரியும்.

இனி ஏசுபாதம்.

அஸ்தினாபுரத்தில் இருந்தார். நாற்பத்தேழு வயது. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் பத்தொன்பது வருடம் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்து, கம்பெனியை மூடியதும் வெளியே வந்தவர். முதல் மெயிலுக்கு நான்கு நிமிடத்தில் பதில் போட்டார். 'மதிப்பிற்குரிய வெண்ணிலா மேடம் அவர்களுக்கு, கர்த்தருடைய கிருபையால் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்' என்றுதான் ஒவ்வொரு பதிலும் ஆரம்பிக்கும். பெருமைப்படும் நாள் என்று நான் கேட்டதற்கு, வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் நின்று எண்ணூறு பெட்டிகளை மேலே ஏற்றிக் காப்பாற்றியதை எழுதினார். அந்தக் கம்பெனி முதலாளி வந்து பார்த்துவிட்டுத் தோளில் தட்டினாராம். அதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் உண்மையான பிரியம் வந்தது.

மே மாதம் ஒரு மெயில் மட்டும் பாதிப்பேருக்கு ஸ்பாமில் போய்விட்டது. உங்களால் உதவ முடியுமா, தெரிந்தவர்களிடம் சொல்லி எடுத்துப் போடச் சொல்ல முடியுமா என்று வெண்ணிலா அவருக்குத் தனியாக எழுதினாள். அந்த மனிதர் அதை ஊழியம் மாதிரி எடுத்துக்கொண்டார். அவர் போகும் சபையில், அவர் தெருவில், பழைய கம்பெனி ஆட்களில் வேலை இல்லாதவர்கள் எல்லோரையும் தேடிப் போய், போனை வாங்கி, ஸ்பாமைத் திறந்து, மெயிலை வெளியே எடுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் பட்டியலில் இல்லாதவர்களையும் எழுத வைத்தார். அப்படிப் புதிதாக வந்தவர்கள் மட்டும் நாற்பத்து மூன்று பேர். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து, 'மேடம் மெயில் வந்திருக்கிறது, அனைவரும் உடனே பதில் போடவும்' என்று அவரே விரட்டிக்கொண்டிருந்தார். சம்பளம் கொடுத்து வைத்தால்கூட அப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவரும் மனைவி செல்வமேரியும் பஸ் ஏறி வண்டலூர் தாண்டிப் போய்க் கிடங்கைத் தேடியிருக்கிறார்கள். ஏதோ ஒரு காலி மனை, சுற்றுச்சுவர் மட்டும் எழுப்பியிருந்தது. அதுதான் என்று அவர்களே முடிவு செய்து, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார்கள். 'பூமி பூஜை முடிந்துவிட்டது போல் தெரிகிறது மேடம்' என்று எழுதியிருந்தார். ஆமாம் என்று பதில் போட்டேன்.

ஜூலையில் ஆபீசுக்கே வந்துவிட்டார். மெயிலின் கீழேதான் விலாசம் இருக்கிறதே. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"வணக்கம் சார். வெண்ணிலா மேடம் கீறாங்களா?"

"லீவுல இருக்காங்க. நீங்க?"

"ஏசுபாதம் சார். ஸ்டோரு வேலைக்கு மேடம் மெயிலு போட்டுகினு கீறாங்க. சும்மா பாத்து ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். தொந்தரவு குடுக்கல."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் பாதிதான் குடித்தார், டம்ளரைத் துடைத்து மேசையில் வைத்தார்.

"இன்னொண்ணு கேக்கணும் சார். வண்டலூராண்ட ஒரு இஸ்கூல்ல ஸ்டோர்கீப்பர் வேல வந்துகீது. ஒண்ணாந்தேதி சேரச் சொல்றாங்கோ. அதுல சேந்துட்டா, மேடம் இவ்ளோ நாளா எனக்காவ பாடுபட்டாங்களே, அவங்களுக்கு அசிங்கமா பூடுமேன்னு யோசனையா கீது. நீங்க இன்னா சொல்றீங்க?"

மேடம், இந்த இடத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். போய்ச் சேருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவர் போனால் அந்த நாற்பத்து மூன்று பேரும் ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடுவார்கள் என்றும் அதே நேரத்தில் தெரிந்தது.

"இது என் முடிவு இல்லீங்க. மேடம்கிட்டயே மெயில்ல கேட்டுடுங்களேன். உங்களப் பத்தி எப்பவும் நல்லாதான் சொல்வாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. "அப்பிடியா சார்? எம் பேரு அவங்களுக்கு ஞாபகம் கீதா?" என்று கேட்டார்.

அன்று மாலையே மெயிலில் கேட்டார். 'இறுதிச் சுற்றில் இருக்கும் ஒருவர் வேறு இடத்தில் சேர்ந்தால் விதிமுறைப்படி பெயரை நீக்க வேண்டியிருக்கும். முடிவு உங்களுடையது' என்று வெண்ணிலா எழுதினாள். நான் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்கு அந்த மெயில் ஆதாரம். பள்ளிக்கூட வேலையை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மூட்டை இறக்கப் போனார் என்று செல்வமேரி அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை. செப்டம்பர் பத்தொன்பது.

எங்கள் பெரிய கிளையண்ட் ஒரே நாளில் மூவாயிரம் பேருக்கு மெயில் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஒரே நாளில் வேண்டாம் என்று நான் முட்டிக்கொண்டேன். கேட்கவில்லை. திடீரென்று அவ்வளவு மெயில் போனால் மெயில் கம்பெனிகள் மிரண்டுவிடும். ஆறு மாத உழைப்பும் அரை நாளில் தரைமட்டம். ஒரே மாற்று, அன்று காலையிலிருந்து மாலை வரை பதில்கள் வந்து குவிந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் முந்தின நாள் வெண்ணிலா எல்லோருக்கும் எழுதினாள். நாளை பத்து மணியிலிருந்து ஐந்து மணிக்குள் இறுதித் தேர்வுக் குழுவினர் உங்களைப் போனில் அழைப்பார்கள். மணிக்கு ஒருமுறை மெயில் வரும். தயாராக இருப்பதாக உடனே பதில் அனுப்பவும். பதில் வராதவர்களுக்கு அழைப்பு வராது.

ஏசுபாதம் அன்று சந்தைக்குப் போகவில்லை. கட்டில் ஓரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு போனோடு உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கு, 'தயாராக இருக்கிறேன் மேடம்.' பதினோரு மணிக்கும் அதுவே. ஒன்றரைக்கு, 'சாப்பிட எழுந்திருக்கவில்லை மேடம். போன் கையிலேயே இருக்கிறது.' இரண்டு நாற்பதுக்கு வந்ததை உங்கள் ஆட்கள் ஏற்கெனவே பிரிண்ட் எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். 'மேடம், நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது. இடது கை மரத்துப்போகிறது. மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறாள். எனக்கு எத்தனை மணிக்கு அழைப்பு வரும் என்று தயவுசெய்து சொன்னால் அதற்குள் போய்விட்டு வந்துவிடுவேன்.'

முதல் நாள் விசாரணையில் நீங்கள் கேட்டபோது, பதில்கள் தானாகப் போகும்படி வைத்திருந்தேன், அந்த மெயிலை நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். அது பொய். இரண்டு நாற்பத்து மூன்றுக்குப் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

அப்போது மூவாயிரத்தில் ஆயிரத்து நூறு மெயில் இன்னும் போக வேண்டியிருந்தது. அவர் எழுந்து போய்விட்டால் குரூப்பில் சொல்லிவிட்டுத்தான் போவார், அப்படிப்பட்ட மனிதர். மற்றவர்களும் கலைந்துவிடுவார்கள். 'அடுத்தது உங்கள் முறைதான். இன்னும் சற்று நேரம் போன் அருகிலேயே இருக்கவும். உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்' என்று எழுதினேன். கடைசி வரியை எழுத வேண்டிய அவசியமே இல்லை. மனம் கேட்கவில்லை, எழுதினேன்.

இரண்டு ஐம்பத்தொன்றுக்குப் பதில் வந்தது. 'நன்றி மேடம். இருக்கிறேன்.'

மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் மெயில் போனது. அவரிடமிருந்து பதில் இல்லை. ஐந்து மணிக்கும் இல்லை. ஆட்டோவில் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. மூவாயிரம் மெயிலும் இன்பாக்ஸில் போய்ச் சேர்ந்தன. மறுநாள் முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

பதினோராம் நாள் அவர் விலாசத்திலிருந்தே ஒரு மெயில் வந்தது. செல்வமேரி அம்மாள் எழுதியிருந்தார். போனில் பேசியே தட்டச்சு செய்திருப்பார் போலிருக்கிறது, நிறுத்தற்குறி எதுவும் இல்லை. கணவர் இறந்துவிட்டார், உங்கள் அழைப்புக்காகக் காத்திருந்தபோதுதான் இறந்தார், கடைசி வரை உங்களைத் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு நான் அழுதேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மெயிலின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வேலையில் இருக்கும்போது கணவன் இறந்தால் மனைவிக்குக் கருணை அடிப்படையில் வேலை தருவார்களே, அதுபோல் இந்த வேலை எனக்குக் கிடைக்குமா, ஸ்டோர் வேலை தெரியாது, கூட்டிப் பெருக்குகிற வேலை என்றாலும் போதும்.

அவர் வேலையில் சேரவே இல்லையே என்று அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. ஆறு மாதம் மெயில் வந்திருக்கிறது, சட்டை அளவு கேட்டிருக்கிறார்கள், குழு போனில் கூப்பிட இருந்தது. அந்த அம்மாளின் கணக்கில் அது வேலைதான். பக்கத்துத் தெருவில் மின்வாரியத்தில் இருந்தவர் இறந்து மனைவிக்கு வேலை கொடுத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கணவனை இழந்து பதினோரு நாள் ஆன பெண்ணிடம் எப்படி அதைச் சொல்வது? 'ஆழ்ந்த அனுதாபங்கள். தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் அனுப்பி வைக்கவும்' என்று வெண்ணிலா எழுதினாள். சான்றிதழ் வாங்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் அந்த அம்மாளே மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மறக்கவில்லை. வாரா வாரம் எழுதினார். இ-சேவை மையத்துக்குப் போனேன், சர்வர் இல்லை என்றார்கள். மறுபடி போனேன், ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருக்கிறது என்றார்கள். வெண்ணிலா எழுதினால் இரண்டு நிமிடத்தில் பதில் வரும். அவர் கணவரைவிட வேகம்.

கடைசியில் கிராம நிர்வாக அலுவலகத்தில் எதற்குச் சான்றிதழ் என்று கேட்டு, பணி நியமன ஆணையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கத்தான் அந்த அம்மாள் எங்கள் மாடி ஏறினார். நான் டீ குடிக்கப் போயிருந்தேன். "வெண்ணிலான்னு எங்க ஆபீஸ்ல யாருமே இல்லையேம்மா" என்று ஷ்யாம்சுந்தர் சார் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் அங்கிருந்து நேரே உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறார். சாருக்கு எதுவும் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள்.

நேற்று இங்கே அந்த அம்மாளை எனக்கு எதிரே உட்கார வைத்தீர்கள். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உங்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் பண்ணிடாதீங்கம்மா. பாவம், அதுக்கும் மேல எவனாச்சும் சொல்லிச் செஞ்சிருக்கும். எங்க வூட்டுக்காரரு செத்ததுக்கு அப்பால இன்னா ஏதுன்னு கேட்டு எழுதுனது அது ஒண்ணுதான்."

"வெண்ணிலான்னு பொண்ணே கிடையாதும்மா. எழுதினது எல்லாம் இவர்தான்" என்றீர்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, "அவரு நெஞ்சு வலிக்குதுன்னு எழுதுனத நீ படிச்சியா?" என்று கேட்டார். நீங்கள் அருகில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. மேலே எழுதியிருப்பதுதான் பதில். அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஆகவே என் வாக்குமூலம் இதுதான். வெண்ணிலா என்ற பெயரில் எழுதியது நான். இல்லாத வேலைக்கு இருநூற்றைம்பத்தைந்து பேரைக் காக்க வைத்தது நான். கிடைத்த வேலையை ஏசுபாதம் விட்டது என் மெயிலால். ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தவரை உட்கார வைத்தது என் மெயில். அவர் இறந்த பிறகு அவர் மனைவியையும் அதே இடத்தில் உட்கார வைத்தது நான். யாரும் தூண்டவில்லை. தெரிந்தே செய்தேன்.

ஒரு வேண்டுகோள். மீதி இருக்கும் இருநூற்றைம்பத்து நான்கு பேருக்கும் அப்படி ஒரு வேலை கிடையாது என்று போலீஸ் தரப்பிலிருந்து மெயில் அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம். ஆனால் உங்கள் விலாசத்திலிருந்து அனுப்பாதீர்கள், பாதி ஸ்பாமில் போய் விழும், அவர்கள் பாட்டுக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள். நான் எழுதித் தருகிறேன். செவ்வாய் காலை எட்டே காலுக்கு, வெண்ணிலா பெயரிலேயே போகட்டும். வேறு யார் பெயரில் போனாலும் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.